துண்டின்மேல் நாற்பது நாள்கள்

"ஃபாதர், தினமும் எத்தனை மணி நேரம் அடித்தால் கை தேறும்?"

கேட்டவர், ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் இளைஞர். கேட்ட இடம், கெலவரப்பள்ளி அணைக்குச் செல்லும் சாலையோரத்தில் எங்கள் அன்பியம் கூடும் தகரக் கொட்டகை. அவர் தோளில் புதிதாக வாங்கிய பறை தொங்கிக்கொண்டிருந்தது. நான் இறையியல் படித்தவன். பறை படித்தவன் அல்லன். ஆயினும் பங்குத்தந்தை என்பவர் எந்தக் கேள்விக்கும் ஏதேனும் விடை சொல்லியாக வேண்டும் என்ற பழைய பழக்கம் என்னை விடவில்லை. "தினமும் எதற்குத் தம்பி? ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் விடாமல் அடியுங்கள், போதும்" என்றேன்.

அந்த விடை எவ்வளவு பிழையானது என்பதை எனக்குக் கற்பித்தவர், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகப் பறையைத் தொடாத ஒரு பெரியவர். அவரிடமிருந்து நான் கற்றது பறை அடிக்கும் முறையை மட்டும் அன்று. அதை இங்கே எழுதி வைப்பது என் கடன் என்று நினைக்கிறேன்.

* * *

பாஸ்கா திருவிழிப்புக்குப் பறை முழங்க வேண்டும் என்ற ஆசை எங்கள் இளைஞர்களுடையது. அவர்கள் ஏழு பேர். ஐந்து ஆண்கள், இரண்டு பெண்கள். எல்லாரும் ஆலைகளில் சுழல்முறை வேலை பார்ப்பவர்கள். கைப்பேசியில் யாரோ ஆடிய பறையாட்டத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். நான் அவர்களைவிட அதிகமாக உற்சாகம் கொண்டேன். நான் குருமடத்தில் இருந்த 1990-களில் பண்பாட்டுமயமாக்கலும் தலித் இறையியலும் எங்கள் வகுப்பறைகளில் சூடாக விவாதிக்கப்பட்டன. மதுரையில் தென்னிந்தியத் திருச்சபையின் குருவான தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று பலரும் அழைத்தவர், நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தார். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் இளம்பெண்கள் கையில் பறையைக் கொடுத்து மேடையேற்றியது. அவற்றையெல்லாம் கேட்டு வளர்ந்த எனக்கு, இளைஞர்களின் கோரிக்கை முப்பது ஆண்டுகள் தாமதமாக வந்த வரமாகத் தோன்றியது.

ஆகவே ஒரு ஞாயிறு மறையுரையில் பறையைப் பற்றியே பேசினேன். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்ததைச் சொன்னேன். 'பறைதல்' என்றால் பேசுதல் என்றும், கேரளத்தில் இன்றும் அச்சொல் அப்பொருளில் வாழ்கிறது என்றும் சொன்னேன். செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கையில் எடுத்த கருவி, எபிரேயர் 'தோஃப்' என்று அழைத்த, வட்டச் சட்டத்தில் தோல் போர்த்திய பறையே என்று சொன்னேன். 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏட்டின் 119, 120 ஆம் எண்களையும் விட்டுவைக்கவில்லை. மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும், பிற இசைக்கருவிகளையும் வழிபாட்டில் ஏற்கலாம் என்று திருச்சபையே சொல்லிவிட்டது; இன்னும் என்ன தயக்கம் என்று கேட்டு முடித்தேன். நல்ல மறையுரை என்று எனக்கே தோன்றியது.

திருப்பலி முடிந்ததும் அந்தப் பெரியவர் என் அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"சாமி, நீங்க படிச்சதச் சொன்னீங்க. நான் அடிச்சதச் சொல்லட்டுமா?" என்றார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகவே எழுத இயலும். சிறுவனாக இருந்தபோது, ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அவருடைய தந்தைக்கு ஆள் வரும். நள்ளிரவானாலும் மழையானாலும் போக வேண்டும். வீட்டில் காய்ச்சலில் ஒரு பிள்ளை கிடந்தாலும் போக வேண்டும். கூலி என்று கையில் யாரும் கொடுப்பதில்லை. மண்ணில் எறிவார்கள், குனிந்து பொறுக்க வேண்டும். பன்னிரண்டு வயதில் இவரும் தந்தையோடு அடிக்கத் தொடங்கினார். ஒருநாள் தந்தை, "இனி வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டார். அதன்பின் அவர்களுக்கு வயல் வேலை இல்லை. கடையில் கடன் இல்லை. கிணற்றுத் தண்ணீரும் இல்லை. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்துகொண்டிருந்தபோது, கட்டட வேலைக்கென்று குடும்பத்தோடு இங்கு வந்தார்கள். வரும்போது மேளத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள்.

"அத விட்டதுதான் சாமி எங்களுக்குக் கெடைச்ச மொத விடுதல. நீங்க அத மறுபடியும் கோயிலுக்குள்ள கொண்டாறேன்னு சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் அன்று மதிய உணவு உண்ணவில்லை. அவர் சொன்னது அவர் ஒருவருடைய கதை அன்று. தமிழகத்தின் எத்தனையோ ஊர்களில் பறையடிக்க மறுப்பதே தன்மானத்தின் முதற்போராட்டமாக இருந்தது. மறுத்தவர்கள் அதற்காக அடியும் பட்டார்கள், ஊரையும் இழந்தார்கள். எங்கள் குடும்பத்தில் யாரையும் எவரும் பறையடிக்க அழைத்ததில்லை. ஆகவேதான் என்னால் அதை அவ்வளவு எளிதாகக் கொண்டாட முடிந்தது. மாலையில் சங்க ஏட்டை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். இசைக்கருவி இறைமக்களை உண்மையாகவே கட்டியெழுப்புவதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதே 120 ஆம் எண்ணில் இருக்கிறது. மறையுரையில் நான் அந்த வரியை விட்டுவிட்டேன்.

* * *

இளைஞர்களிடம் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் விட்டுவிட மனமின்றி, "பழகுவோம் ஃபாதர், கோயிலில் அடிப்பதைப் பிறகு முடிவு செய்யலாம்" என்றார்கள். நான் சொன்னபடியே ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் பயிற்சி தொடங்கியது.

முதல் ஞாயிறு ஆரவாரமாக இருந்தது. எல்லாரும் கைப்பேசியில் பார்த்த வேகத்திலேயே அடிக்க முயன்றார்கள். இரண்டாம் ஞாயிறு மூவருக்கு உள்ளங்கையில் கொப்புளம். ஒருவருக்கு மணிக்கட்டு வீக்கம். மூன்றாம் ஞாயிறு, இரவு ஷிப்ட் முடித்து வந்த இருவர் சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டார்கள். நான்காம் ஞாயிறு வந்தவர்கள் மூவரே. அந்த மூவரும் முதல் நாள் தெரிந்ததைவிடக் கூடுதலாக எதையும் கற்றிருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் முதலிலிருந்தே தொடங்கியது.

கெலவரப்பள்ளி அணையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பெங்களூருப் பக்கத்திலிருந்து கழிவு கலந்து வரும் நாள்களில், மதகு திறந்ததும் தென்பெண்ணையில் வெள்ளை நுரை மலைபோல் எழும். தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு ஆறே பெருகி வருவதாகத் தோன்றும். அருகே போனால் காற்றுக்குப் பறக்கும் நுரை. அள்ளினால் கையில் ஒன்றும் நிற்காது. எங்கள் நான்கு ஞாயிறுகளின் முழக்கமும் அவ்வாறே இருந்தது.

நான்காம் ஞாயிறுதான் பெரியவர் கொட்டகைக்கு வந்தார். பறையடிப்பவர்களில் ஒருத்தி அவருடைய பேத்தி என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அவள் வீட்டில் சொல்லாமல் வந்துகொண்டிருந்தாள். அவளை அழைத்துப் போகத்தான் வந்திருந்தார். வாசலில் நின்றார். அவள் கவனிக்கவில்லை, அடித்துக்கொண்டேயிருந்தாள். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு உள்ளே வந்து அவள் கையிலிருந்த குச்சியைத் தொட்டு, "அடிக்கறதுன்னு ஆயிட்டா தப்பா அடிக்காத. தோள அசைக்காத; மணிக்கட்ட மட்டும் விடு" என்றார்.

அவள் அழுதுவிட்டாள். அவர் அழவில்லை. குச்சிகள் இரண்டையும் வாங்கிக்கொண்டு தரையில் அமர்ந்தார். பறையை அவர் கேட்கவும் இல்லை, தொடவும் இல்லை. வலக்கையில் பருத்த அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய நீண்ட மூங்கில் சிண்டுக்குச்சி. தரையில் விரித்த தம் தோள்துண்டின்மேல் மெதுவாக, மிக மெதுவாக, ஓர் அடி, இன்னோர் அடி என்று போட்டார். ஐம்பது ஆண்டுகள் தொடாத கை அது. இரண்டு அடிகளுக்கு இடையேயான இடைவெளி ஒருமுறைகூட மாறவில்லை.

* * *

அதன்பின் அவர் மூன்று நிபந்தனைகள் சொன்னார். யார் வீட்டுச் சாவுக்கும் எவர் ஏவியும் போகக்கூடாது. போவதானால் துக்கத்தில் பங்குகொள்ளத் தாமாகவே, எல்லார் வீட்டுக்கும் ஒன்றுபோலப் போக வேண்டும். மண்ணில் விழுந்த காசை ஒருபோதும் எடுக்கக்கூடாது. மூன்றாவது நிபந்தனைதான் என்னைத் தைத்தது.

"எங்க பிள்ளைங்க மட்டும் அடிச்சா அது பழைய மேளந்தான் சாமி. எல்லார் வீட்டுப் பிள்ளைங்களும் அடிக்கட்டும். நீங்களும் அடிங்க."

இது பரவியதும் ஒரு குடும்பம் தம் மகனைப் பயிற்சியிலிருந்து நிறுத்திக்கொண்டது. "கிட்டார் என்றால் அனுப்புகிறோம் சாமி" என்றார்கள். கிறிஸ்துவுக்குள் வேறுபாடு இல்லை என்று அந்தக் குடும்பத்தின் முன்னிலையில் ஆண்டுக்கணக்காக மறையுரை ஆற்றியவன் நான். அந்த மறையுரைகள் எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தன என்பதை ஒரு பறை அளந்து காட்டிவிட்டது. ஏழு பேர் ஆறு பேரானார்கள். ஏழாவது இடத்தில், ஐம்பது கடந்த வயதில், நான் நின்றேன்.

அப்போது தவக்காலம் தொடங்க ஒரு வாரமே இருந்தது. பெரியவர் வகுத்த பயிற்சி முறையைத் திருநீற்றுப் புதனிலிருந்து பின்பற்றுவது என்று முடிவு செய்தோம். கற்க விரும்பும் பிற பங்குகளின் இளைஞர்களுக்கு உதவும் என்பதால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, காலம். நாள்தோறும் இருபத்தைந்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்கவும் வேண்டாம் என்றார். ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறுகிறவனுக்கு 'மாலை ஆறு மணி' என்பது கிடையாது. "வேல முடிஞ்சு குளிக்கறீங்கள்ல, குளிச்சதும் குச்சிய எடுங்க" என்றார். ஷிப்ட் எப்படி மாறினாலும் குளியல் மாறாதே.

இரண்டாவது, துண்டு. வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கியிருப்பவர்கள் பறையை முழக்க முடியாது. பக்கத்து அறையில் இரவு ஷிப்ட் முடித்தவர் உறங்கிக்கொண்டிருப்பார். ஆகவே வார நாள்களில் நான்காக மடித்த துண்டின்மேல் குச்சிகளால் அடிப்பதே பயிற்சி. துண்டு குச்சியைத் திருப்பி எறியாது. ஒவ்வோர் அடிக்கும் குச்சியைக் கையே தூக்க வேண்டும். அதனால் மணிக்கட்டு வலுப்பெறுகிறது. ஓசையின் மயக்கம் இல்லாததால் தவறும் மறைவதில்லை.

மூன்றாவது, வாய். முதல் ஐந்து நிமிடம் குச்சியைத் தொடாமல், பாதத்தால் காலம் போட்டுக்கொண்டு அடியை வாயால் சொல்ல வேண்டும். "வாயில வராதது கையில வராது" என்பது அவர் வாக்கு. மிருதங்கம் கற்பவர்களும் இதையே செய்கிறார்கள். 'த, தி, தொம், நம்' என்ற நான்கு சொற்களை வாயாலும் கையாலும் மூன்று காலங்களில் சொல்லிச் சொல்லியே அவர்களுடைய தொடக்கப் பயிற்சி கழிகிறது.

நான்காவது, இடக்கை. அடுத்த ஐந்து நிமிடம் சிண்டுக்குச்சிக்கு மட்டும். பறை இடத்தோளில் தொங்கும். இடவுள்ளங்கை சட்டத்தின் விளிம்பில் படிந்திருக்க, விரல்கள் மட்டுமே அந்த மெல்லிய குச்சியை இயக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர்க்கு இடக்கை எந்த வேலைக்கும் முன்னே அழைக்கப்படாத கை. வலக்கையோடு சேர்த்தே அடித்தால், வல்லவனின் பின்னே ஒளிந்துகொள்ளும் மாணவனைப்போல் அது கற்காமலேயே தப்பித்துவிடும். தனியே நிறுத்தினால்தான் அதன் பலவீனம் தெரியும்.

ஐந்தாவது, மெதுமை. அடுத்த பத்து நிமிடம் இரு கையும் சேர்த்து ஒரே ஓர் அடி. நாங்கள் எடுத்துக்கொண்டது ஒத்தையடி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் 'இயேசுவே' என்று மனத்துள் சொல்லும் அளவு இடைவெளி. இளைஞர்கள் கைப்பேசியில் தாளக்கணிப்பானை நிமிடத்துக்கு ஐம்பது என்று வைத்துக்கொண்டார்கள். மூன்று நாள் தொடர்ந்து பிழையின்றி வந்தால் மட்டும் நான்கோ ஐந்தோ கூட்டலாம். பிழை வந்தால் பழைய வேகத்துக்கே திரும்ப வேண்டும். திரும்புவதில் வெட்கமில்லை. தவறோடு வேகமாக நூறு முறை அடிப்பவன், தவறை நூறு முறை பயின்றவன் ஆகிறான்.

ஆறாவது, கடைசி ஐந்து நிமிடம். விரும்பியதை விரும்பியபடி அடிக்கலாம். ஆனால் நிறுத்தும்போது சரியாக வந்த ஒன்றை அடித்துவிட்டே நிறுத்த வேண்டும். கை அந்த நினைவோடு உறங்கப் போகட்டும் என்றார். உடற்பழக்கம் உறக்கத்தில் உறுதிப்படுகிறது என்பதையும், ஒரே மூச்சில் நெடுநேரம் பயில்வதைவிட இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாகப் பயில்வதே நிலைக்கிறது என்பதையும் இன்றைய ஆய்வுகள் ஏற்கின்றன. அவர் எந்த ஆய்வையும் படித்தவர் அல்லர்.

ஏழாவது, ஞாயிறு. அன்று மட்டும் அணைக்கரைப் பக்கம், வீடுகள் இல்லாத திடலில் உண்மையான பறையோடு கூடினோம். முதலில் சருகு மூட்டிப் பறையைக் காய்ச்ச வேண்டும். ஈரக்காற்றில் தளர்ந்த தோல், தீயின் சூட்டில்தான் இறுகிக் குரல் பெறும். அதிகம் காட்டினால் வெடித்துவிடும். அவசரக்காரனுக்கு இது ஒரு நல்ல பாடம். செயற்கைத் தோல் போர்த்திய பறைக்கு இந்தப் பாடு இல்லை. எனினும் நாங்கள் தோற்பறையையே வைத்துக்கொண்டோம். அழுத்து இயந்திரப் பிரிவில் வேலை செய்யும் ஒருவர், தம் ஆலையில் பயன்படுத்துவது போன்ற காதடைப்பான்களை எல்லாருக்கும் வாங்கி வந்தார். நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பதே காதுக்கு எல்லை என்றும், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆலை இரைச்சலில் ஏற்கெனவே நாளைக் கழித்த காதுகளுக்கு இந்தக் கவனம் தேவையே. களைப்பு வரலாம், வலி வந்தால் அன்று நிறுத்திவிட வேண்டும் என்பதும் விதி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஞாயிறுகளை நீக்கினால் தவக்காலம் நாற்பது நாள்கள். நாளுக்கு இருபத்தைந்து நிமிடம் என்றால் ஆயிரம் நிமிடம். பதினேழு மணி நேரம்கூட நிறையவில்லை. நான் முதலில் சொன்ன முறையில் ஆறு ஞாயிறுகளுக்கே பதினெட்டு மணி நேரம் ஆகியிருக்கும். குறைந்த நேரத்தில் அதிகம் விளைந்தது. வேறுபாடு நேரத்தில் இல்லை. நாள்தோறும் திரும்பி வருவதில் இருந்தது.

* * *

அந்த நாற்பது நாள்களில் என் கட்டிலின்மேல் நானும் துண்டை மடித்துப் போட்டு அடித்தேன். தவக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்கலாம் என்பது வழிபாட்டு ஒழுங்கு. கோவிலில் கருவிகள் அடங்கியிருக்கும் அந்நாள்களில், ஓசூரைச் சுற்றிய ஏழு அறைகளில் ஏழு துண்டுகள் ஓசையின்றி அடிபட்டுக்கொண்டிருந்தன என்பதை நினைக்க மனம் நெகிழ்ந்தது.

என் இடக்கை மிகவும் பின்தங்கியிருந்தது. பத்தாம் நாள் எனக்குச் சலிப்பு வந்தது. இந்த வயதில் இது எதற்கு என்று தோன்றியது. அன்று மாலை கட்டளைச் செபத்தைக் கையில் எடுத்தபோது, குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து நாள்தோறும் நான் சொல்லிவரும் திருப்பாடல்களை எத்தனை நாள் வேகமாகப் புரட்டியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். புனித இஞ்ஞாசியார் தம் நூலுக்குப் 'பயிற்சிகள்' என்றே பெயரிட்டார். நடப்பதும் ஓடுவதும் உடலுக்குப் பயிற்சியாவதுபோல ஆன்மாவுக்கும் பயிற்சி உண்டு என்பதே அதன் தொடக்கம். 1548-இல் திருத்தந்தை ஏற்பளித்த அந்நூலைக் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். பயிற்சி என்ற சொல்லின் பொருள், துண்டின்மேல் இடக்கை தடுமாறியபோதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. செபம் என்பது செபிக்க மனம் வரும் நேரத்தில் நிகழ்வது மட்டும் அன்று. மனம் வராத நாளிலும் குளித்தபின் குச்சியை எடுப்பது அது.

இன்னொன்றும் எனக்கு விளங்கியது. பெரியவரின் தந்தை அடித்தது பிறர் ஏவலுக்கு. அந்த வீட்டுக்குப் பயிற்சி நேரம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அழைப்பு மட்டுமே இருந்தது. யாரும் ஏவாத வேளையில், யாரும் கேட்காத அறையில், தன் கை தேற வேண்டும் என்பதற்காக மட்டுமே ஒருவர் அடிக்கும்போது, அந்தக் கருவி முதன்முறையாக அவருடையதாகிறது. அடிமைத்தனத்திலிருந்து மீட்க வேண்டியது பறையை மட்டும் அன்று. அதைப் பழகும் நேரத்தையும்தான்.

இக்கலைக்கும் நம் மக்களுக்கும் உள்ள உறவு, கேட்கப்படாத கைகளின் வரலாறாகவே நெடுங்காலம் இருந்திருக்கிறது. பாலக்காடு மணி ஐயர் (1912-1981) வாசித்த மிருதங்கங்களை உருவாக்கிக் கொடுத்த தஞ்சாவூர்ப் பர்லாந்து, நம்மைப்போல் கிறிஸ்தவர். பெர்னாண்டஸ் என்ற பெயரே அவ்வாறு மருவியது. மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலைப் பதப்படுத்தி நாதம் கூட்டிய அத்தகைய தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்ற நூல் எழுதியபின்னரே பலரும் அறிந்தார்கள். நமக்கே தெரியாதிருந்தது என்பதுதான் வெட்கம். இப்போது காலம் சற்றே அசைந்திருக்கிறது. அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 2023-இல், கர்நாடகத்தின் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்துத் தமட்டைக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கும் அவ்விருது கிடைத்தது. கெலவரப்பள்ளிக்கு வரும் தென்பெண்ணை அதே மாவட்டத்து நந்தி மலைப் பகுதியில்தான் பிறக்கிறது. ஆற்றின் மேற்புறத்தில் தமட்டை என்பதும் கீழ்ப்புறத்தில் பறை என்பதும் ஒரே குடும்பத்துக் கருவிகள். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் அதைச் சுமந்த மக்களின் துயரமும் ஒன்றே.

* * *

பெரிய வாரத்தில் பெரியவரிடம் கேட்டேன்: "ஐயா, திருவிழிப்பில் அடிக்கலாமா? நீங்கள் வேண்டாம் என்றால் அடிக்க மாட்டோம்." உண்மையாகவே அந்த முடிவை அவரிடம் விட்டிருந்தேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "பேத்தி ஆசப்படறா. அடிங்க. நான் வர்றேன், ஆனா கடைசில உட்காந்துக்கறேன்" என்றார்.

திருவிழிப்பு இரவில், கோவில் முற்றத்தில் புதுத்தீயை மந்திரித்துப் பாஸ்கா திரியை ஏற்றியபின், அத்தீயின் ஓரத்திலேயே இளைஞர்கள் பறையைக் காய்ச்சினார்கள். அதை நாங்கள் முன்பே திட்டமிடவில்லை; வேறு தீ அங்கே இல்லை, அவ்வளவுதான். செங்கடலைக் கடந்த வாசகம் முடிந்தது. 'உன்னதங்களிலே' தொடங்கியதும் மணிகளோடு பறைகள் ஆறும் எழுந்தன. பீடத்தில் நின்ற நான் அடிக்கவில்லை. என் இடக்கை இன்னும் தகுதி பெறவில்லை. ஒத்தையடிதான். வேகம் இல்லை. ஆனால் ஆறு பேரின் அடியும் ஒரே அடியாக விழுந்தது. மக்களில் சிலர் கண்களை மூடிக்கொண்டார்கள். இருவர் முகம் சுளித்ததையும் கண்டேன். மகனை நிறுத்திக்கொண்ட குடும்பம் அன்று வேறு கோவிலுக்குப் போயிருந்தது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. வீடு சந்திக்கப் போய்க்கொண்டிருக்கிறேன்.

முழக்கம் தொடங்கிய சற்று நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து பெரியவர் எழுந்து வெளியே போவதைப் பார்த்தேன். என் நெஞ்சு கனத்தது. நற்கருணை வேளைக்குத் திரும்பி வந்தார்; வரிசையில் நின்று ஆண்டவரைப் பெற்றுக்கொண்டார். வெளியே நின்று என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. சில கேள்விகளைப் பங்குத்தந்தை கேட்கக்கூடாது.

மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவராகவே என் அறைக்கு வந்தார். இம்முறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மூணாவதா நின்னான் பாருங்க சாமி, அந்தப் பையனுக்கு இடக்கை இன்னும் தூங்குது. உங்களுக்குந்தான். விழா முடிஞ்சுதுன்னு விட்டுறாதீங்க. நாளைக்கே ஆரம்பிங்க."

இன்றுவரை அவர் பறையைத் தொடவில்லை, நானும் வற்புறுத்துவதில்லை. ஞாயிறு மாலைகளில் திடலுக்கு வருகிறார்; தம் துண்டை விரித்துக் குச்சியால் காட்டித் தருகிறார். அந்தத் துண்டுக்கு மேல் அவர் கை எழும்போதெல்லாம், தாம் விட்டுவிட்டு வந்த ஒன்றை அவர் மன்னித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கத் தோன்றுகிறது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

"எத்தனை மணி நேரம் அடித்தால் கை தேறும்?" என்று கேட்ட தம்பிக்கு இப்போது என்னிடம் விடை உண்டு. ஆனால் அவர் அதன்பின் கேட்கவே இல்லை. வேலை முடிந்து குளித்ததும் குச்சியை எடுத்துவிடுகிறார்.